மந்தைவெளியில் நான் வெளியே வைத்த நாற்காலிகள்

உயிரோடு இருக்கும் ஒரு மனிதருக்காக ஒரு தெருவையே அழவைத்த நர்ஸ், சென்னையில் அநேகமாக நான் ஒருத்திதான். (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். சங்கம் ஆரம்பித்துவிடலாம்.)

அப்போது நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஐசியூ வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்கே போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸாக மாறப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்கில் நைட் ஷிஃப்ட் பார்த்த எனக்கு, சூரிய வெளிச்சத்தில் செய்யக்கூடிய நர்ஸ் வேலை ஒன்று இருக்கிறது என்பதே பெரிய செய்தி. ராஜினாமா கொடுத்தாகிவிட்டது. பயிற்சியில் தேறாவிட்டால் பழைய மேட்ரன் முன்னால் போய், ‘சும்மா விளையாட்டுக்கு எழுதிக் கொடுத்தேன் மேடம்’ என்று நிற்க வேண்டும். அந்த மேட்ரனுக்கு விளையாட்டு பிடிக்காது.

பயிற்சி ஆழ்வார்பேட்டையில், ஒரு பல் டாக்டர் கிளினிக்கின் மாடியில் நடந்தது. கீழேயிருந்து வரும் டிரில் சத்தத்தை மீறிப் பேசப் பழகியவர் எங்கள் பயிற்சியாளர் ஸ்டெல்லா மேடம். முதல் நாளே சொன்னார்:

“ஆஸ்பத்திரில பேஷன்ட் நம்மகிட்ட வந்த விருந்தாளி. இங்க நாமதான் அவங்க வீட்டுக்குப் போற விருந்தாளி. ஒரு ஸ்பூனை நகர்த்தணும்னாலும் கேட்டுட்டு நகர்த்துங்க. ஐசியூவைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டுப் போகாதீங்கம்மா.”

இதை நான் அழகாக எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டேன். எழுதிவிட்டால் செய்த மாதிரி என்று நினைக்கும் ரகம் நான்.

கடைசித் தேர்வு, ஒரு வீட்டைத் தனியாகக் கவனிப்பது. எனக்குக் கிடைத்தது மந்தைவெளியில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய அபார்ட்மென்ட்டின் தரைத்தளம். நோயாளி வெங்கட்ராமன் மாமா. ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். மதியம் நான் போய் வேலையை ஆரம்பிக்க வேண்டும். சாயங்காலம் ஸ்டெல்லா மேடம் வந்து பார்த்துவிட்டுத் தேறினேனா இல்லையா என்று சொல்வார்.

போனதும் மாமி, கையில் பையோடு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“ரசஞ்சாதம் போட்டு, மாத்திரை குடுத்தாச்சு. நான் மருந்துக் கடைக்குப் போயிட்டு, அப்படியே காய் வாங்கிண்டு வந்துடறேன். அவர் கத்தினா கண்டுக்காதே. கத்தலேன்னாதான் கவலைப்படணும்.”

மாமி போனதும் என் ஐசியூ கண்ணால் வீட்டைப் பார்த்தேன். நோயாளி இருட்டான உள்ளறையில். வாக்கரோடு நுழைய முடியாத குளியலறை வாசற்படி. கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இல்லை; காற்று மெத்தையின் மோட்டார் வயர் வழியெல்லாம் பாம்பு மாதிரி கிடந்தது. ஹாலில் டீப்பாய், மிதியடி, எப்போதோ கொலு பார்க்க வந்தவர்களுக்கு வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ள இவ்வளவு வசதியான வீட்டை நான் பார்த்ததில்லை.

“மாமா, உங்களை ஹாலுக்கு மாத்திடலாமா?”

“காத்து வருமா?”

“வரும்.”

“அப்ப மெரினாவுக்கே வேணும்னாலும் மாத்து.”

ஒரு விருந்தாளிக்கு இந்த அனுமதி போதாதா? சக்கரம் வைத்த கட்டிலை ஹாலின் நடுவே கொண்டுவந்தேன். (மூன்று பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும். ஐசியூ விதி.) பிளக் தெற்குச் சுவரில் இருந்ததால் தலையைத் தெற்கே வைத்தேன். வெள்ளை வெளேரென்று ஒரு போர்வையைச் சுருக்கமில்லாமல் விரித்தேன். டிவியை அணைத்தேன். வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்தேன். கடைசியாக, தடுக்கி விழ வைக்கும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளை எல்லாம் வெளியே கொண்டுபோய், கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையாகப் போட்டேன். வரிசை கோணலாக இருந்தது. திரும்பப் போய் நேராக்கினேன்.

நானும் சென்னைப் பெண்தான். பட்டப்பகலில் ஒரு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக வந்தால் இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஐசியூவில் சாவு என்றால் ஒரு திரை, ஒரு ஃபார்ம், ஒரு லிஃப்ட். அதற்கு நாற்காலி தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை. அதனால் தெரிந்தது எதுவும் தோன்றவில்லை.

வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று மாமா போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு, அடுத்த நிமிஷமே தூங்கிப்போனார்.

தெருமுனையில் துணி தேய்க்கும் முனியம்மா, நாற்காலிகளைப் பார்த்துவிட்டு கேட் வரை வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இன்னா சிஸ்டர்... ஐயாவுக்கு...?”

தூங்குகிறவரை எழுப்பிவிடப் போகிறாரே என்று உதட்டில் விரலை வைத்துத் தலையை மெல்ல ஆட்டினேன். என் முகத்தில் இருந்தது, எதையும் காட்டாமலிருக்க வருஷக்கணக்கில் பழகிய ஐசியூ முகம். முனியம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். என்ன நாகரிகமான பெண்மணி என்று நினைத்துக்கொண்டே, குளியலறையில் வழுக்காத விரிப்பு போடப் போனேன்.

குழாயைத் திறந்து வைத்துத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்ததால் ஹாலில் நடந்தது எதுவும் காதில் விழவில்லை. குழாயை மூடியபோதுதான் ஓர் ஆண் குரல் விம்முவது கேட்டது.

ஹாலுக்கு வந்தேன். வெளியே நாற்காலிகள் நிரம்பியிருந்தன. கட்டிலின் காலடியில், ஆளுயர ரோஜா மாலையோடு ஒருவர் நின்றார். மாடி வீட்டு கோதண்டம். அபார்ட்மென்ட் செயலாளர். தண்ணீர் மோட்டார் தகராறில் போன கோடையிலிருந்து மாமாவோடு பேச்சுவார்த்தை கிடையாது.

“இன்னா சார், ஒரு வார்த்தை சொல்லாம பூட்டியே! நான் பாவி சார். அந்த மோட்டார் ரூம் சாவியை நீ தொலைச்சிட்டேன்னு மீட்டிங்ல அத்தினி பேர் எதிர்ல சொன்னேன். என்கிட்டதான் இருந்திச்சு சார். எங்க வூட்டு அரிசி டப்பாவுல!”

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“எனக்குத் தெரியும்.”

கோதண்டம் போட்ட சத்தம் மந்தைவெளி ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். மாலையோடு அப்படியே பின்னால் சாய்ந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்துத் தரையில் படுக்க வைத்து, காலைத் தூக்கி டீப்பாய்மேல் வைத்து (நல்ல வேளை, அதை வெளியே போடவில்லை), பிரஷர் பார்த்தேன். மெஷின் காட்டிய எண் எனக்குப் பிடிக்கவில்லை. கையை மாற்றிப் பார்த்தேன். அதுவும் பிடிக்கவில்லை.

மாமா போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தார். “யாருடா செத்துப்போனது?”

“நீங்கதான் மாமா,” என்றேன். வேறென்ன சொல்வது?

“அப்படியா? சொல்லவே இல்லையே.”

அப்போதுதான் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கோதண்டம் மரியாதையாக, தன் பொறுப்பில், ஃப்ரீஸர் பாக்ஸுக்கும் சொல்லியிருந்தார். வேனின் முன் சீட்டிலிருந்து கீரைக்கட்டோடு இறங்கியது மாமி.

மார்க்கெட் முனையில் டிரைவர் வழி கேட்டிருக்கிறார். “அது எங்க தெருதான், யாரு பாவம்?” என்று மாமி கேட்க, அவர் பெயரைச் சொல்லியிருக்கிறார். “எங்காத்துக்காரருக்கு இப்பதானே ரசஞ்சாதம் போட்டேன்!” என்று மாமி அப்படியே வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வழியெல்லாம் கீரைக்கட்டைக் கையிலிருந்து விடவே இல்லையாம்.

முனியம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதார். மாமி அவரை விலக்கிவிட்டு உள்ளே வந்தார். அந்தச் சில நொடிகள் மாமியின் முகம் இருந்த இருப்பை எழுதி நான் வேடிக்கை செய்ய மாட்டேன். எத்தனையோ முகங்களை ஐசியூ வாசலில் பார்த்தவள்தான். ஆனால் அதில் எதற்கும் காரணம் நான் இல்லை.

மாமா கட்டிலில் நிமிர்ந்தார். “வைதேகி, வந்தவாளுக்கெல்லாம் காபி போடு. நேக்கு மட்டும் சக்கரை தூக்கலா. செத்தவனுக்கு ஷுகர் ஏறாது.”

மாமி கீரைக்கட்டால் அவர் தோளில் ஓர் அடி அடித்தார். பிறகுதான் அழுதார்.

டிரைவர் கதவோரம் தலையை நீட்டினார். “பாடி எதும்மா?”

“நான்தான்ப்பா. இன்னும் ரெடியாகலை,” என்றார் மாமா.

டிரைவருக்குப் பின்னால் ஸ்டெல்லா மேடம் நின்றுகொண்டிருந்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். மாலை மேலே கிடக்க, தரையில் படுத்திருந்த கோதண்டத்தைப் பார்த்தார். பிரஷர் மெஷினோடு மண்டியிட்டிருந்த என்னைப் பார்த்தார்.

“இதுல பேஷன்ட் யாரும்மா?”

என் சூரிய வெளிச்சம் அஸ்தமித்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டு, நடந்ததை வரிசையாகச் சொன்னேன். (வரிசையில் நாற்காலி கடைசி.) மேடம் கேட்டுவிட்டு மாமாவிடம் திரும்பினார்.

“மன்னிச்சிருங்கய்யா. நாளைக்கு வேற நர்ஸை அனுப்பறேன்.”

“எதுக்கு? ஆபரேஷனுக்கப்புறம் இன்னிக்குத்தான் நன்னா தூங்கினேன். எழுப்பினது இவ இல்லை, இந்தக் கோதண்டம். சாவி விஷயமும் ஊரறிய வெளியில வந்துடுத்து. எந்த நர்ஸ் இதெல்லாம் பண்ணுவா?”

எல்லோரும் மாமியைப் பார்த்தோம். மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தீர்ப்பு சொன்னார்.

“பொண்ணு இருக்கட்டும். நாற்காலி உள்ள வரட்டும்.”

தேறிவிட்டேன். கோதண்டத்தை அன்றே டாக்டரிடம் அனுப்பினோம்; இன்றும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். ஸ்டெல்லா மேடம் ஒவ்வொரு புது வகுப்பையும் “வீட்டுக்குள்ள எதை வேணா கேட்டுட்டு நகர்த்துங்க, நாற்காலியை மட்டும் வாசலைத் தாண்ட விடாதீங்க” என்றுதான் ஆரம்பிக்கிறாராம்.

மாமா வெளியில் நடக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குக் கல்யாணம். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்ன மண்டபம். உள்ளே கூட்டம் கொள்ளாமல் வாசலில் பந்தல் போட்டு வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். கைத்தடியோடு ஆட்டோவிலிருந்து இறங்கிய மாமா, அந்த வரிசையைப் பார்த்ததும் நின்றார். கூட வந்த கோதண்டத்தின் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“கோதண்டம், அவசரப்படாதே. சிஸ்டர் வெளியில நாற்காலி போட்டிருக்கா. யாருன்னு கேட்டுண்டு உள்ள போலாம்.”

பக்கத்தில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தவர் என் மாமனார். அவர் கையிலிருந்த பன்னீர்ச் செம்பு கீழே விழுந்ததாகக் கேள்வி. மந்தைவெளிக் கதை முழுவதையும் மாமாவே அவருக்குச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பெருக்குவதற்காக யார் நாற்காலியை வாசல்பக்கம் நகர்த்தினாலும், அவர் உள்ளறையிலிருந்து சத்தமாகக் குரல் கொடுக்கிறார்:

“நான் இல்லம்மா! நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன்!”