மாமாவின் வயிற்றில் இரண்டு வாசல்

"கொழாய உள்ள விட்டு எட்டிப் பாக்கதுக்கா ஏளா இம்புட்டு வருசம் படிச்ச?" என்று சேவியர் மாமா கேட்டபோது, அவருக்கே நான் குழாய் விடுவேன் என்று இருவருமே நினைக்கவில்லை. (நினைத்திருந்தால் கொஞ்சம் மரியாதையாகப் பேசியிருப்பார்.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது குடல்நோய்ப் பிரிவில் பயிற்சி டாக்டர். அங்கே ஒரு வழக்கம். எண்டோஸ்கோபிக்கு முன், அது எவ்வளவு கடினம் என்று பயிற்சி டாக்டர் ஒன்று முதல் நான்குவரை மதிப்பிட வேண்டும். ஒன்று என்றால் குழாய் நம் கைக்கு வரும். நான்கு என்றால் பெரிய டாக்டர் கைக்கு.

சரக்குத் தோணியில் மாலத்தீவு போய்வந்த மாமாவுக்குப் பித்தக்குழாயில் சின்னக் கல்; வாய்வழியாகக் குழாய் விட்டு எடுக்க வேண்டும். மேல்வயிற்றில் நீளமாக ஒரு தழும்பு.

"ஆபரேசன் எதுவும் நடந்திருக்கா மாமா?"

பக்கத்தில் நின்ற ரோஸம்மா அத்தையை ஒரு பார்வை பார்த்தார். "இதா? நங்கூரக் கயிறு அறுத்தது."

கயிறு அவ்வளவு நேராக அறுக்குமா, இருபுறமும் தையல் போடுமா என்று யோசிக்கவில்லை. குழாயைப் பிடிக்கக் கை அரித்தது. 'ஒன்று' என்றேன். குழாய் என் கைக்கு வந்தது.

இரைப்பை முடியும் இடத்தில் ஒரு வாசல் இருக்க வேண்டும். திரையில் இரண்டு! கண்ணைச் சிமிட்டினேன். இரண்டேதான். தப்பான வழியில் தள்ளிக் குடல் கிழிந்தால் மாமா போய்விடுவார். வெளியே அத்தை ஜெபமாலையோடு இருக்கிறாள். படித்ததெல்லாம் வியர்வையாக வழிந்து போயிற்று.

"சார்..." கொசுவின் குரல்.

பெரிய டாக்டர் திரையைப் பார்த்தார். "பாதி இரைப்பையை எவனோ வெட்டி எடுத்திட்டு, மிச்சத்தக் குடலோட தச்சிருக்கான். அதான் ரெண்டு வழி. இது நாலும்மா. கைய அசைக்காம எங்கிட்ட குடு."

கொடுத்துவிட்டுச் சுவரோரம் நகர்ந்தேன். கல் வெளியே வரும்வரை தெரிந்த புனிதர்களையெல்லாம் கூப்பிட்டேன்.

மயக்கம் தெளிந்த மாமா கிசுகிசுத்தார். "கொழும்புல அல்சருக்கு வெட்டுனது. அத்தகிட்ட சொல்லிராத. தெரிஞ்சா தோணி ஏற விட்டிருப்பாளா?"

"கயிறா அறுத்திச்சு?" திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அத்தை. "வீட்டுக்கு வாரும், பேசிக்கிடுவோம்."

இப்போதும் நான் எதையாவது லேசு என்றால், "வாசல் எத்தனன்னு பாத்தியாளா?" என்கிறார் அப்பா.

தழும்பைக் கண்டால் இப்போதெல்லாம் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறேன். இன்று காலை அப்படி ஒருவருக்கு 'நான்கு' போட்டேன். "நான் செய்யுறேன் சார், நீங்க பக்கத்துல நில்லுங்க" என்றும் சொல்லிவிட்டேன்.

பெரிய டாக்டர் சரி என்றுவிட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.