தன் எடை தவிர

ஊரையெல்லாம் எடை போட்டுவிட்டுத் தான் மட்டும் தராசில் ஏறாத ஓர் இனம் உண்டு. வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். இந்தக் கதையில் வருகிறவர் அந்த இனத்தில் பறக்கவே துணிந்தவர்.

அவர் பேரை ஒருத்தி முதன்முதலில் கேட்டது தன் தம்பி வாயால்தான். "எங்க பட்டறையில கணக்குன்னு ஒருத்தர் இருக்கார்க்கா. லிஃப்டுல ஏறுமுன்ன உள்ள இருக்கிறவங்க எடைய மனசுக்குள்ள கூட்டுவார். மிஞ்சினா அடுத்தவங்களை இறங்கச் சொல்வார்." அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அவரையே கட்டிக்கொண்டாள். சிரித்த வாய்க்கு அதுதான் கூலி.

கணக்கு வருஷக்கணக்கில் கார் ஷெட்டில் குந்தி, விலைக்கு வாங்கிய வரைபடத்தைப் பார்த்து, மரச்சட்டமும் துணியும் பசையுமாகச் சொந்தக் கையால் ஒரு குட்டி விமானம் கட்டினார். மூக்கில் பெட்ரோல் தொட்டி, அதை அடுத்துக் கூட வருகிறவருக்கு ஓர் இருக்கை, அதற்குப் பின்னால் ஓட்டுகிறவருக்கு ஒன்று. கனம் நடுவில் நிற்க வேண்டும், பின்னுக்குப் போனால் இறங்கும்போது வால் தொங்கி, மூக்கு தூக்கி, செங்கல் மாதிரி விழும் என்று தினம் சாப்பாட்டுத் தட்டுக்கு மேல் வகுப்பெடுத்தார். மச்சினனைச் செருப்போடும் நிறுத்தார், செருப்பில்லாமலும் நிறுத்தார். தண்ணீர் பாட்டிலை நிறுத்தார். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரரையும் நிறுத்தார். எதற்கென்று இருவருக்குமே தெரியாது.

தன் எடை? அது கல்யாணத்தன்று அறுபத்தெட்டு. அப்புறம் அவர் உட்கார்ந்த நாற்காலிகள் முனகியதெல்லாம் கணக்கில் சேராது. "இந்த உடம்புல நான் என்ன வாடகைக்கா இருக்கேன்? எனக்குத் தெரியாதா?" என்பார்.

ஒருநாள் மச்சினனை முன்னால் ஏற்றிக்கொண்டு பறந்தார். அவள் வயர்லெஸ்ஸோடு ஓடுபாதை ஓரம் நின்றாள். ஏறும்போது நிறைந்த தொட்டி மூக்கை அமுக்கிப் பிடித்து, பின்னிருக்கைப் பொய்யைச் சமாளித்தது. பறக்கப் பறக்கத் தொட்டி காலியாயிற்று. பொய் காலியாகுமா? இறங்க வந்தபோது வால் தொங்கியது. அவள் வயர்லெஸ்ஸைக் காதோடு வைத்தாள். மேலே இருப்பது புருஷனும் கூடப்பிறந்தவனுமல்லவா?

"உன் தம்பி இளைச்சுட்டான். காலையிலேயே நினைச்சேன்," என்றார் வயர்லெஸ்ஸில்.

"அவன் கிடக்கட்டும். உங்க எடை எவ்வளவு? நிஜத்தைச் சொல்லுங்க."

உயிரா மானமா என்று அவர் ஆகாயத்திலேயே ஒரு கணக்குப் போட்டார்.

"எண்பத்தொன்பது. உடுப்போட."

"சீட்டுக்குப் பின்னால இருக்கிற டூல்பாக்ஸை முன்னால அவன்கிட்ட குடுங்க. நீங்களும் முன்னால சாயுங்க. வேகத்தைக் குறைக்காம வாங்க."

தினம் சோற்றோடு விழுங்கிய வகுப்பு, மறக்குமா? தம்பி டூல்பாக்ஸைப் பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, அவன் தோளில் இவர் மோவாயை வைக்க, ஒரே சைக்கிளில் இரண்டு பேர் வருவதுபோல் வந்தார்கள். தரையைத் தொட்டது, குதித்தது, மறுபடி குதித்தது, புல்லை உழுதுகொண்டு வேலிக்கு முன்னால் நின்றது.

தம்பி தள்ளாடி இறங்கினான். "அக்கா, வழியெல்லாம் அத்தான் என் காதுக்குள்ளயே சாமி கும்பிட்டார்."

அத்தான் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? விமானத்துக்குப் படம் வரைந்தவன் மேல்தான் தப்பு, மூக்கைக் குட்டையாக வரைந்துவிட்டான் என்று அன்று மாலையே கண்டுபிடித்தார்.

படிக்கும்போது உங்களுக்கு இரண்டு பேர் முகம் நினைவுக்கு வந்திருக்கும். அதில் உங்கள் முகம் இல்லை, அப்படித்தானே? இந்த இனம் அப்படித்தான் பெருகுகிறது.

கணக்கு இப்போது கார் ஷெட்டில் இருக்கிறார். விமானத்தின் மூக்கை அரை முழம் நீட்டிக்கொண்டிருக்கிறார்.