வீடு வாங்க விடாத புரோக்கர்

கொச்சியில் இன்று வீட்டு புரோக்கர் இல்லாத தெரு கிடையாது. ஆனால் வீடு வாங்க வந்தவனை வாங்க விடாமல் திருப்பி அனுப்பியே பிழைப்பு நடத்தும் புரோக்கர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் மட்டாஞ்சேரியில் எங்கள் பழைய தெருக்கோடியில் இருக்கிறார். எந்த வீட்டைக் காட்டினாலும் "வேண்டாம்" என்பார். அதனால் வேண்டாஞ்சேட்டன் என்றே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும்.

மற்ற புரோக்கர்கள் விற்பவர், வாங்குபவர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவார்கள். இவர் வாங்குபவரிடம் மட்டும்தான். விற்பவர் வீட்டில் சாயா கொடுத்தால்கூடத் தொடமாட்டார். "குடிச்சா நாக்கு அந்தப் பக்கம் சாஞ்சிரும்" என்பார்.

நானும் என் மனைவி மல்லிகாவும் அவரிடம் போனபோது, மிளகு குடோன் சம்பளத்தில் நான் மிச்சம் பிடித்ததும் அவள் நகையை விற்றதும் கையில் இருந்தன. அது ஒரே ஒரு வீட்டுக்குத்தான் காணும். தப்பான வீட்டை வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் அதிலேயே கிடக்க வேண்டியதுதான்.

முதல் வீட்டிலேயே மனிதர் எங்களை அதிர வைத்தார். வீட்டுக்காரர் நிலைக்கதவின் தேக்கைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருக்க, இவர் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுக்கையறைத் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். அந்த வீட்டு அம்மா சொம்பில் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"நெஞ்சு வலியா சேட்டா?"

"இல்ல. முதுகுல ஈரம் கேறுதான்னு பார்க்கறேன்." எழுந்து முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கேறுது. வேண்டாம்."

இன்னொரு வீட்டில் உள்ளே நுழையாமலேயே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "இவங்க இந்த வீட்டை வாங்கினா நீங்க வழி விடுவீங்களா?" என்று கேட்டார். "செத்தாலும் விடமாட்டேன்" என்று பதில் வந்தது. நடக்கும் வழிக்கே தகராறு இருக்கிறது என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. விற்க வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

மல்லிகா வெறுத்துப்போனாள். "இந்தாளு நம்மள வாடகை வீட்டுலயே சாகடிச்சிருவாரு" என்றாள். அந்தக் கோபத்தில் வேறொரு புரோக்கரோடு போய் வாய்க்கால் ஓரத்தில் ஒரு வீட்டைப் பார்த்தோம். புத்தம்புது டைல்ஸ், வெயில் விழும் சமையலறை. கட்டில்கள் எல்லாம் செங்கல் மேல் நின்றன. அடியில் சாமான் வைக்க வசதி என்று அவள் பூரித்துப்போனாள். விலையும் மலிவு. உடனே அட்வான்ஸ் கேட்டார்கள்.

மனசு கேட்காமல் வேண்டாஞ்சேட்டனிடம் இடத்தைச் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"அட்வான்ஸ் கொடுக்காத. அமாவாசை அன்னிக்குக் காலைல போலாம்."

"நல்ல நேரமா சேட்டா?"

"வேலியேற்றம்" என்றார். கடல் ஏறி வாய்க்காலுக்குள் தண்ணீரைத் தள்ளும் நேரம்.

போனோம். கதவு திறந்தே கிடந்தது. குளியலறைச் சல்லடை வழியாகக் கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கி, புது டைல்ஸ் மேல் பரவிச் சமையலறைக்குள் போய்க்கொண்டிருந்தது. செருப்புகள் மிதந்தன. அந்த வீட்டுப் பெண் பழகிய கையோடு அரிசி மூட்டையையும் பிள்ளையின் பள்ளிப் பையையும் கட்டில் மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். செங்கல் எதற்கென்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மல்லிகா நகம் பதிய என் கையைப் பிடித்தாள்.

அதைவிடப் பெரிய இடி அடுத்து விழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளேயிருந்து வந்த வீட்டுக்காரர், வேண்டாஞ்சேட்டனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அத்தான்... நீங்களா?"

சேட்டனின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி அவர். அந்த வீட்டை யார் தலையிலாவது கட்டிவிடக் குடும்பமே காத்திருந்ததாம்.

"தெரிஞ்சே இன்னிக்குப் பார்த்துக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"இவங்க எனக்குக் கமிஷன் தர்றாங்கடா."

"எங்க அக்கா உங்களுக்குச் சோறு போடுறா."

"அது வேற" என்றார் சேட்டன், கணுக்கால் தண்ணீரில் நின்றபடி.

திரும்பும் வழியில், "முதல்லயே சொல்லியிருக்கலாமே சேட்டா" என்றேன்.

"சொன்னா மச்சினன் மேல உள்ள பகைன்னு நெனச்சிருப்ப. கண்ணால கண்டா மதி, வேற சொல்லே வேண்டாம்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அவனும் பாவம்தான். அதுக்காக அவன் பாரத்தை உன் தலைல இறக்க முடியுமா?" என்றார்.

அன்றோடு அவர் வீட்டில் அவருக்கு உலை வைப்பது நின்றது. ஹோட்டல் கப்பைக்கிழங்கைத் தின்றுகொண்டே அலைந்து, கொச்சங்காடியில் மேடான ஒரு சந்தில் எங்களுக்குச் சின்ன வீடு ஒன்றைக் கண்டுபிடித்தார். பத்திரத்தை வக்கீலிடம் காட்டினார். விற்பவர் வெளிநாடு கிளம்பும் அவசரத்தில் இருப்பதை எப்படியோ மோப்பம் பிடித்து விலையையும் இறக்கினார். நாங்கள் குடியேறியும் ஆயிற்று.

அவர் மனைவியின் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். மீன் வறுத்தால் நடுத்துண்டு எனக்குக் கிடையாது, அவருக்குத்தான். எங்களுக்காகச் சொந்த வீட்டுச் சோற்றையே விட்டவர். அவர் வரக் கொஞ்சம் தாமதமானாலும் நான் வாசலுக்குப் போய் நின்றுவிடுகிறேன்.