டப்பா-தாவும் அசன்சோல் தயிரும்

உலகத்தில் உள்ள எதையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டால் உருப்பட்டுவிடும் என்று நம்பியவர் அவர் ஒருவர்தான். அதை எங்கள் ஆபீஸ் முழுவதையும் நம்பவைத்தார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

திருநெல்வேலிக்காரர். வங்காளத்தில், சால்ட் லேக்கில் இருக்கும் எங்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்த அன்றே மதியம் மேஜை மேல் டப்பாக்களைப் பரப்பினார். சோற்றுக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று, ஊறுகாய்க்கு ஒன்று. அப்பளத்துக்குக்கூட வட்டமாக ஒன்று. "என்ன சார் இது, கல்யாண சீரா?" என்றேன். "ஒண்ணு கவுந்தா இன்னொண்ணு நனையப்படாதுல்லாண்ணே" என்றார்.

சாயங்காலத்துக்குள் அவர் பெயர் எல்லாருக்கும் மறந்துபோய், டப்பா என்றாகிவிட்டது. ஒரே வாரத்தில் வங்காளிப் பையன்கள் 'டப்பா-தா' என்றார்கள். 'தா' என்றால் அண்ணன். நான் இந்த ஊரிலேயே பிறந்து, லேக் மார்க்கெட்டில் வளர்ந்து, அவர்களைவிட நன்றாக வங்காளி பேசுகிறவன். எனக்கு ஒரு 'தா' போட அவர்களுக்கு இத்தனை வருஷத்தில் நாக்கு வரவில்லை.

எங்கள் கம்பெனிக்கு வங்காளம் முழுக்கக் கிளைகள். ஒவ்வொன்றிலும் இன்டர்நெட் தரும் ரூட்டர் பெட்டி ஒன்று. அது படுத்தால் அந்தக் கிளையே படுத்துவிடும். உடனே கிளை மேனேஜர் எனக்கு போன் செய்து அலறுவார், நான் சரிசெய்வேன். எங்கள் பெரிய மேனேஜர் ஓடிவந்து, "நீ இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆவோம்!" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

டப்பா அதில் கை வைத்தார்.

கம்ப்யூட்டர்காரர்கள் ஒரு புரோகிராமை, அதற்கு வேண்டிய சாமான்களோடு சேர்த்துக் கட்டி, வேறெதுவும் ஒட்டாதபடி மூடி ஓடவிடுவார்கள். கண்டெய்னர் என்று பெயர். இவருக்காகவே கண்டுபிடித்த மாதிரி இல்லை? அப்படி ஒரு கண்டெய்னருக்குள் எக்ஸ்போர்ட்டர் என்ற சின்ன புரோகிராமை வைத்தார். ஒவ்வொரு ரூட்டரையும் அடிக்கடி விசாரிப்பது அதன் வேலை: சூடு எவ்வளவு, பாரம் எவ்வளவு, மூச்சு இருக்கிறதா? வந்த எண்களையெல்லாம் சுவரில் மாட்டிய டிவியில் கோடுகளாக ஓடவிடுவதாக ஏற்பாடு.

முதல் நாள் டிவியில் ஒன்றுமே வரவில்லை. ஆபீஸே நின்று வெற்றுத் திரையைப் பார்த்தது. அன்று குடித்த டீ போல ருசியான டீயை நான் குடித்ததில்லை. டப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "மூடினவன் ஜன்னல் வைக்க மறந்துட்டேன் பாத்துக்கிடுங்க. உள்ள இருக்கது எப்படி வெளிய பேசும்?" ஒரு வரியைத் திருத்தினார். கோடுகள் குபுகுபுவென்று கிளம்பின. "பாஹ்! தாருண்!" பிரமாதமாம், மேனேஜர் குதித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், சத்தம் வராமல்.

அதன் பிறகு எனக்கு போன் வருவது நின்றுபோயிற்று. கிளை அலறுவதற்கு முன்னால் இவரே கூப்பிட்டு, "ஐயா, உங்க பொட்டிக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் பாருங்க" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவிடுவார். அக்கவுன்ட்ஸ் பெண்கள் மதியச் சாப்பாட்டை டிவி முன்னால் வைத்துக்கொண்டு, சீரியல் பார்ப்பதுபோல் சிலிகுரிக் கிளையின் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிடக் கூப்பிட்டது என் தப்பு. மிஞ்சிய கூட்டை அவர் வகைவகையாக மூடிவைத்த அழகைப் பார்த்து என் மனைவி, "ஏன்னா, நீங்களும் இருக்கேளே!" என்றாள். வாக்கியத்தை அவள் முடிக்கவே இல்லை.

துர்கா பூஜைக்கு முன்னால் நெட்வொர்க் தலைமைப் பதவி காலியானது. எனக்குத்தான் என்று நானும் இருந்தேன். அந்த நேரம் பார்த்து அசன்சோல் கோடு ஒரு வேடிக்கை செய்தது. தினமும் மதியம் சூடு ஏறும், சாயங்காலம் இறங்கும்.

"யாரோ அதைப் போத்தி விடுதாங்க" என்றார் டப்பா.

"ரூட்டரை எவனய்யா போர்த்துவான், அதுக்கென்ன ஜுரமா? உம்ம டப்பா பொய் சொல்றது" என்றேன், மேனேஜர் காதுபட.

மேனேஜர் சிரித்தார். "ரெண்டு பேரும் போய்ப் பாருங்கள். பொய் என்றால் டிவியைக் கழற்றிவிடலாம். நிஜம் என்றால் நெட்வொர்க் முழுக்க டப்பா-தா கையில்."

ஹவுராவில் ரயில் ஏறினோம். வழியெல்லாம் அவர் டப்பா டப்பாவாகத் திறந்து எனக்கு ஊட்டாத குறையாகப் பரிமாறினார். நான் அவருடைய புளியோதரையைத் தின்றுகொண்டே, அவருடைய எக்ஸ்போர்ட்டர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று காளிகாட் காளியை வேண்டிக்கொண்டேன்.

மதியம் கிளைக்குப் போய் ரூட்டர் இருந்த அறையைத் திறந்தோம். ரூட்டர் தலையில் ஒரு மண்பானை. பானைக்கு ஒரு துண்டு. துண்டுக்கு மேல் ஒரு சால்வை, ரூட்டரின் காதுவரைக்கும்.

பின்னால் வந்த காஷியர், பருத்த மனிதர், கை பிசைந்தார். "மிஷ்டி தோய், ஸ்யார்." இனிப்புத் தயிர். இந்தச் சூட்டில் உறைந்தால் மணக்கிறதாம். மதியம் வைப்பாராம், சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போவாராம்.

நான் கத்த வாயைத் திறந்தேன். டப்பா முந்திக்கொண்டு பானையைத் தொட்டுப் பார்த்தார். "நல்லா உறைஞ்சுக்கிட்டு வருது. ஆனா அது மூச்சு விடுத ஓட்டையெல்லாம் அடைச்சுட்டீங்களே!" என்று தமிழிலேயே சொன்னார். நான் வங்காளியில் மொழிபெயர்த்தேன். பிறகு தன் பெரிய டப்பாவைக் காலிசெய்து, பானையை உள்ளே இறக்கி, சால்வை சுற்றி, அலமாரியில் வைத்தார். "இதுக்குள்ள வைங்க. அதோட சூடு அதுக்குள்ளயே நிக்கும்." கைபேசியில் அசன்சோல் கோடு மளமளவென்று இறங்கியது.

காஷியர் அவரைக் கட்டிக்கொண்டார். என்னிடம் திரும்பி, "நீங்கள் டப்பா-தாவின் அசிஸ்டென்டா?" என்று கேட்டார்.

ஊர் திரும்புவதற்குள் டப்பா மேனேஜருக்கு போன் செய்துவிட்டார். "அண்ணன்தான் பேசிப் புரியவச்சாங்க, சார். நான் தனியா வந்திருந்தா திகைச்சுப் போயிருப்பேன்." இதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நல்லவராக இருப்பதிலும் என்னை முந்திக்கொண்டார்.

பதவி அவருக்குப் போனது. அவருக்குக் கீழே நான் வேலை பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு. இந்த வருஷம் அவர் சென்னைக்கு மாற்றலாகிப் போனார். அந்த நாற்காலி எனக்கு வந்தது. உட்கார்ந்து பார்த்தேன். ஆபீசில் பொறாமைப்பட ஒரு ஆள்கூட மிச்சமில்லை. என்ன ஆபீஸ் இது!

போன வாரம் அவரை போனில் கூப்பிட்டு, கண்டெய்னர் தானாக நின்றுபோனால் எப்படி எழுப்புவது என்று கேட்டேன். எனக்குத் தெரியாததில்லை. அவர் ஆதியிலிருந்து ஆரம்பித்து நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் ஒன்றும் தெரியாதவன்போல் 'ம்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.