காது கொடுத்தார் தரகர்

"இந்த வாடகைக்கு ஒத்துக்காதம்மா. இன்னும் குறைப்பான்" என்றார் தரகர்.

அவர் புத்திமதி சொன்னது மடிக்கணினிக்குள் இருந்த ஓர் இளம்பெண்ணுக்கு. அவள் ஆங்கிலத்தில் ஒரு விடுதி மேலாளரிடம் அறை கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த உரையாடலைக் கேட்டுத் தாளில் இருந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுவதுதான் பயிற்சி. தரகர் இத்தனை சொல்லியும் அவள் ஒத்துக்கொண்டுவிட்டாள். தரகர் தலையில் அடித்துக்கொண்ட நேரத்தில் மேலாளர் தொலைபேசி எண்ணைச் சொல்லி முடித்துவிட்டார்.

"அப்பா, அது ரெக்கார்டிங்" என்றாள் பள்ளிக்கூடத்து இறுதி வகுப்பில் படிக்கும் மகள்.

"தெரியும். ரெக்கார்டிங்னா ஏமாந்து போகலாமா?"

இருபது வருடமாக வீடு பார்த்துக் கொடுத்து வருகிறவர் அவர். எங்கே இரண்டு பேர் வாடகை பேசினாலும் நடுவில் போய் நிற்காவிட்டால் அவருக்குக் கை கால் ஓடாது. ஆங்கிலமும் தெரியாதவர் அல்ல. சரளமாகப் பேசுவார். அடுத்தவர் பேசினால் புரியுமா என்பதுதான் தெரியாது. அதற்கு அவர் யாருக்கும் இடம் கொடுத்ததில்லை.

அறுவை சிகிச்சை அரங்கில் நர்ஸாக இருக்கும் அவர் மனைவிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. ஆவணங்களைக் கவனிக்கும் ஏஜென்சிக்குப் போய்வந்த அன்று, "கூட வர்ற புருஷனும் இங்கிலீஷைக் கேட்டுப் புரிஞ்சுக்கிற பரீட்சையில பாஸாகணுமாம்" என்று அவள் சொன்னாள். தேறாவிட்டால் அவளும் மகளும் விமானம் ஏறிவிடுவார்கள். தரகர் மட்டும் தனியாக இங்கே இருக்க வேண்டும். பேச ஆள் கிடைக்காவிட்டால் லிஃப்ட்டுக்குள் மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகையோடு வாதாடுகிறவர் அவர்.

"வாயைத் திறக்காம இருந்தாலே பாதி பாஸ்" என்றாள் மனைவி. "ரெக்கார்டிங் ஓடற வரைக்கும் வாயில தண்ணி வச்சுக்கங்க."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. தரகர் கன்னம் உப்ப உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். மனைவி சோபாவில் கால் நீட்டிச் சாய்ந்தாள். மகள் கணக்குப் பாடத்தை முடித்துவிட்டு அடுத்ததையும் எடுத்தாள். மின்விசிறி சுற்றும் சத்தம் அந்த வீட்டில் முதன்முதலாகக் கேட்டது.

மூன்றாவது உரையாடலில் ஒருவன் எழுத்தில் எதுவும் வாங்காமல் வீட்டுக்காரரிடம் முன்பணம் கொடுத்தான்.

தண்ணீர் முழுவதும் விசைப்பலகைமேல் போய் விழுந்தது. மடிக்கணினி ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு உயிரை விட்டது.

மனைவி ஒரு சுடுசொல்கூடச் சொல்லவில்லை. மறுநாளே புதிதாக ஒன்று வாங்கி வந்தாள், கூடவே காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோனும். அவர் பழைய குடையைத் தொலைத்ததற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் இவள்தானா என்று தரகருக்குச் சந்தேகமே வந்தது. நம்மேல் இவளுக்கு இவ்வளவு நம்பிக்கையா என்று மனம் குளிர்ந்தார்.

ஹெட்ஃபோன் வந்ததும் வேறு தொல்லை. அவர் குரல் அவர் காதிலேயே விழாததால் அது இரண்டு மடங்கானது. மேல்வீட்டுக்காரர் செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடி வந்தார்.

"என்ன சார், யாரோடயோ பெரிய சண்டையா?"

"நூலகத்துல உறுப்பினர் ஆகறேன்னு ஒருத்தன் வருஷச் சந்தாவை மொத்தமாக் கட்டறான் சார். மாசா மாசம் கட்டிப் பாத்தா என்ன? மூஞ்சியப் பாத்தா படிக்கிறவன் மாதிரியா இருக்கு?"

"மூஞ்சி எங்க தெரியுது?"

"குரல்லயே தெரியுது சார்."

இதற்கும் வழி சொன்னாள் மகள். "ரெக்கார்டிங்கை விடுங்கப்பா. முதல்ல உயிரோட இருக்கற மனுஷங்க பேசறதக் கேட்டுப் பழகுங்க. அவங்க முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாதீங்க."

மறுநாள் வீடு தேடிய ஒரு வங்கி ஊழியரை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு அழைத்துப் போனார். வழக்கமாக என்றால் வீட்டுக்காரர் கதவைத் திறப்பதற்குள் தரகர் காற்று, வெளிச்சம், தண்ணீர் மூன்றுக்கும் ஜாமீன் கொடுத்திருப்பார். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

"சமையலறையில ஒழுகுது, பொய் சொல்ல மாட்டேன்" என்றார் வீட்டுக்காரர்.

"பரவால்ல. நிஜத்தைச் சொல்றீங்க பாருங்க, அதுவே போதும்" என்றார் வங்கி ஊழியர்.

ஒருவர் நிஜத்துக்கு மற்றவர் மயங்கி, இரண்டு பேரும் அரைமணி நேரத்தில் அண்ணன் தம்பி ஆகிவிட்டார்கள். வாடகை படிந்தது. சாவி கை மாறியது. தரகரோடு போனில் மட்டுமே பேசியிருந்த வீட்டுக்காரர் கிளம்பும்போதுதான் சுவரோரம் பார்த்தார்.

"இவர் யாரு, உங்க சொந்தக்காரரா?"

"இல்லையே. உங்ககூட இருக்கறவர்னு நினைச்சேன்" என்றார் வங்கி ஊழியர். காலை முழுவதும் பேசாமல் வந்தவரை அவர் மறந்தே போயிருந்தார்.

தரகர் தரகுப் பணத்தைக் கேட்க வாயைத் திறந்தார். ஆனால் அவர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. மகள் போட்ட விதியை மீறக் கூடாதென்று காத்திருந்தார். பேசிக்கொண்டே போய் லிஃப்ட்டில் ஏறி இருவரும் மறைந்தார்கள்.

எப்படியோ தேர்வு நாள் வந்தது. கூடத்தில் தரகர் ஒரு முணுமுணுப்புகூட விடவில்லை. கண்காணிப்பாளரே இரண்டு முறை வந்து, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். அப்படியும் மதிப்பெண் மண்ணைக் கவ்வியது.

"பேசாமதான இருந்தீங்க?" என்றாள் மகள்.

"மூச்சு விடல."

"கேட்டதெல்லாம் புரியலையா?"

"ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சது. அந்தப் பொண்ணு எந்த ரூமை எடுத்தான்னு கேள்வி. பால்கனி வச்ச ரூமை எடுத்தா. சாயந்தர வெயில் மொத்தமும் அதுலதான் இறங்கும். நான் உள்பக்கத்து ரூம்னு எழுதினேன்."

"அவ எடுத்தது எதுன்னுதானப்பா கேட்டாங்க?"

"அவ தப்புப் பண்ணா நானும் பண்ணணுமா?"

எல்லாக் கேள்விக்கும் இதே கதைதான். யார் என்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தார்கள். என்ன செய்திருக்க வேண்டும் என்று இவர் எழுதி வைத்திருந்தார்.

மனைவி அமைதியாகத் தோளைத் தட்டிக் கொடுத்தாள். "போகட்டும் விடுங்க. இன்னொரு தடவை எழுதலாம். பயணத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிடறேன்."

தரகர் மறுபடியும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். இரண்டாவது முறையும் எழுதினார். அதே முடிவு. "மூணாவது தடவை எழுதுங்க" என்றாள் மனைவி, முகத்தில் சுளிப்பே இல்லாமல்.

அதுதான் அவரைக் குத்தியது. தன்னால் அவள் வேலை பறிபோய்விடும் என்ற பயம் பிடித்துக்கொண்டது. உயிரைக் கொடுத்துப் படித்தவள், காலில் நரம்பு சுருண்டுகொள்ள நின்றே வேலை செய்தவள். யாருக்கும் சொல்லாமல் அந்த ஏஜென்சிக்குக் கிளம்பினார். அதுவரை மனைவி மட்டுமே போய்வந்த இடம் அது. முன்மேசையில் ஒரு பெண் இருந்தாள். தரகர் மனைவியின் பெயரைச் சொல்லிவிட்டு மடை திறந்துகொண்டார்.

"அம்மா, என்னால அவங்க வாழ்க்கை கெடக் கூடாது."

"சார், நான் சொல்றத—"

"ஒரு நிமிஷம். எனக்கு இந்தப் பரீட்சை வராது. ஒத்துக்கறேன்."

"அதில்ல சார், உங்களுக்கு—"

"முடிச்சுடறேன்மா. அவங்க ரெண்டு பேரையும் முதல்ல அனுப்பிடுங்க. நான் இங்க தனியா இருந்துக்கறேன். வீட்டுல பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாட்டி என்ன, பழகிக்கறேன்."

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. இதுவரை எந்த வீட்டைக் காட்டும்போதும் இவ்வளவு உண்மையை அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. மேற்கொண்டு பேச்சு வராமல், நாற்காலியில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் முடிக்கும்வரை கேட்டார்.

"கூடப் போறவங்களுக்கு இந்தப் பரீட்சையே கிடையாது சார், முதல் நாளே மேடம்கிட்ட சொல்லிட்டோம், அவங்கதான், 'கல்யாணமானதுலேருந்து அவர் வாயை மூட இப்பதான் ஒரு வழி கிடைச்சிருக்கு, பயணத்தை எத்தனை தடவை வேணாலும் தள்ளி வைங்க, அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு கேட்டுக்கிட்டாங்க."