கல்கத்தாச் சிறகு

சந்திரலேகா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அதிலிருந்த வெள்ளிச் சிறகு கண்ணைப் பறித்தது.

"பாருங்க, எப்படி மின்னுது! புளியும் செங்கத்தூளும் போட்டு அரை மணி நேரம் தேச்சேன்."

ராஜாங்கத்தின் வாயில் இருந்த இட்லி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"அடிப்பாவி! அந்த அழுக்கு சேர எம்பது வருஷம் ஆயிருக்குது!"

"அழுக்குக்கு வயசு பாக்கறவரு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

ராஜாங்கம் பீங்கான் கம்பெனியில் சூப்பர்வைசர். மிச்ச நேரத்தில், பழைய ராணுவ விமானிகள் சட்டையில் குத்திக்கொண்ட சிறகு பேட்ஜுகளைச் சேர்ப்பவர். பதினோரு ஆண்டுகளில் நூற்றுப் பதினேழு சேர்ந்திருந்தன. இதற்கென்றே முகநூலில் ஒரு குழு இருந்தது. யார் எந்தப் படத்தைப் போட்டாலும், எந்த நாடு, எந்த ஆண்டு, ஓட்டியவருடையதா குண்டு போட்டவருடையதா என்று முதல் ஆளாகச் சொல்பவர் ராஜாங்கம்தான். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும்.

போன மாதம் சேத்தியாத்தோப்பில், பழைய இரும்புக் குவியலுக்குள் இந்தச் சிறகு அகப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்கு வந்த அமெரிக்க விமானிகளுக்காகக் கல்கத்தா தட்டார்கள் வெள்ளியில் அடித்துக் கொடுத்தது என்று படத்தோடு எழுதினார். பாராட்டு குவிந்தது. 'ஒற்றைச்சிறகு' என்ற பெயரில் இருந்த ஓர் உறுப்பினர் மட்டும் இப்படி எழுதினார்: "அடித்துச் செய்ததில் இறகின் கோடுகள் கூர்மையாக இருக்கும். இதில் மழுங்கியிருக்கின்றன. பின்பக்கம் வார்ப்புக் குழிகள் தெரிகின்றன. ஊக்கும் புது மாதிரி. பிற்காலத்து நகல் என்று நினைக்கிறேன்."

ராஜாங்கம் கொதித்துப் போனார். 'குழுத் தலைவர் அன்பரசன் நேரில் பார்த்து நகல் என்று சொல்லட்டும். என் நூற்றுப் பதினேழையும் மணிமுத்தாற்றில் கொட்டிவிட்டு, குழுவை விட்டே போகிறேன்' என்று எழுதிவிட்டார். ஓய்வு பெற்ற விமானப்படைக்காரரான அன்பரசன், ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ரயிலில் வருவதாகப் பதில் போட்டார்.

இன்றைக்கு வியாழன்.

"இப்ப என்னா, திரும்பக் கறுக்கணும், அவ்ளோதானே?" என்றாள் சந்திரலேகா. "அவிச்ச முட்டைக்குள்ள வெச்சா வெள்ளி கறுத்துடும். எங்க சித்தி கொலுசு அப்படித்தான் போச்சு."

நாலு முட்டையை அவித்து மசித்து, சிறகை நடுவில் புதைத்து, டிபன் பாக்ஸில் மூடி வைத்தார்கள். சாயங்காலம் திறந்தபோது தெரு நாய் ஒன்று வாசலில் வந்து நின்றது. ஒரு பக்கச் சிறகு கரியாகியிருந்தது. மறு பக்கம் மஞ்சள் காமாலை கண்டதுபோலத் திட்டுத் திட்டாக இருந்தது.

"ஒரே மாதிரி ஆவலியே!"

"சூடு பத்தலை போலருக்குது. உங்க கம்பெனியிலதான் சூளை இருக்குதே?"

மறுநாள் காலையில் ராஜாங்கம் அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போய், சூளையைக் கவனிக்கும் கோவிந்தசாமியிடம் நீட்டினார்.

"என்னா சார் இது, வவ்வாலா?"

"சிறகுய்யா. அமெரிக்கா."

"எவ்ளோ சூடு காட்டணும்?"

"லேசா."

கோவிந்தசாமி தினமும் புழங்குவது ஆயிரத்து இருநூறு டிகிரியில். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அவருக்கு லேசுதான். பியூஸ் கட்டைகள் வெந்துகொண்டிருந்த சூளையின் வாயருகே சிறகை ஒரு தட்டில் வைத்து, இரண்டு நிமிடத்தில் எடுத்தார். நிறம் ஒன்றாகியிருந்தது. இறகுகளும் ஒன்றோடொன்று இழைந்து ஒரே இறகாகியிருந்தன. ஊக்கு தனியே கழன்று விழுந்தது.

"இப்ப நெசமாவே வவ்வால்தான் சார்," என்றார் கோவிந்தசாமி.

வீடு திரும்பியதும் போனில் ஒற்றைச்சிறகின் செய்தி இருந்தது: "ஐயா, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். சவாலை நாம் இருவரும் மறந்துவிடலாமே?"

"பாத்தியா சந்திரா! பயந்துட்டான்!"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சந்திரலேகா நிமிரவில்லை. "தன்மையாத்தான் எழுதியிருக்காரு. சரின்னு ஒரு வார்த்தை போட்டுட்டு வுட்டுடுங்களேன்."

"வுடறதா? நானா? ஞாயித்துக்கெழமை அவன் குரூப்பை வுட்டு ஓடணும்!"

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப நாளைக்கு நானே பத்தர்கிட்ட போயி ஊக்கை ஒட்ட வெச்சிட்டு வரேன். நீங்க ட்யூட்டிக்குப் போங்க."

சனிக்கிழமை சாயங்காலம் சிறகு புது ஊக்கோடு வந்து சேர்ந்தது. ராஜாங்கம் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் அவர் முகம் தெரிந்தது.

"பின்னாடி குழி குழியா இருந்துச்சாம். பத்தரு அரத்தால ராவி வுட்டுட்டாரு."

ராஜாங்கம் சிறகை ஓரமாக வைத்தார். நூற்றுப் பதினேழையும் எடுத்து ஒரு சிமென்ட் சாக்கில் போட்டுக் கட்டினார். ஒவ்வொன்றையும் போடும்போது அதன் நாட்டையும் ஆண்டையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டார். ஆற்றில் சுத்தமாகத் தண்ணீர் இல்லை. கொட்டினால் மணலில் அப்படியே கிடந்து, போகிறவர் வருகிறவர் எல்லாம் விசாரிப்பார்களே என்று ஒரு கவலை வேறு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார் அன்பரசன். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு சிறகை இருபது நிமிடம் பார்த்தார். ராஜாங்கம் சாக்கின் பக்கத்திலேயே நின்றார்.

"கோடெல்லாம் உருகிப்போயிருக்கு. ஊக்கு இந்த வாரத்து ஊக்கு. பின்னாடி ராவியிருக்கு. கலரு..." அன்பரசன் மூக்கருகே கொண்டுபோனார். "முட்டையா?"

"ஆமாங்க," என்றார் ராஜாங்கம் தரையைப் பார்த்து.

"முப்பது வருஷமா பேட்ஜ் பாக்கறேன். இது அசலா நகலான்னு எந்த நிபுணராலயும் சொல்ல முடியாது சார். அதை அப்படியே குரூப்புல எழுதிடறேன்."

"அப்ப நகல்னு..."

"சொல்லவே முடியாது. சொல்றதுக்கு அதுல மிச்சம் ஒண்ணுமே இல்லையே!"

ராஜாங்கம் அங்கேயே உட்கார்ந்து சாக்கின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார். அன்பரசனைச் சாப்பிடாமல் விடுவதில்லை என்று கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் தரம் சாம்பார் ஊற்றும்போது, "ஒற்றைச்சிறகு இனிமே வாயைத் தொறப்பானா?" என்று கேட்டுச் சிரித்தார். சந்திரலேகா அப்பளம் எடுக்க உள்ளே போனாள்.

விருந்தாளி கிளம்பினார். அவருக்குக் கொடுத்தனுப்ப வாங்கி வைத்திருந்த முந்திரிப் பொட்டலத்தைத் தேடி ராஜாங்கம் சமையலறைக்குள் போனார். ஜன்னலுக்கு வெளியே, வாசலில் நின்ற சந்திரலேகாவிடம் அன்பரசன் குரலைத் தாழ்த்திப் பேசுவது கேட்டது.

"ஒற்றைச்சிறகுன்னு குரூப்புல சேர்றப்ப நீங்க குடுத்ததும் இதே அட்ரஸ்தானேம்மா? நகல்னு மொதல்ல கண்டுபிடிச்ச நீங்களே, இனி ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாம பண்ணிட்டீங்களே!"