நோட்டரி வீட்டு ஜெராக்ஸ் மெஷின்

"பழைய மெஷின் எங்கே?"

கேட்ட தன் குரலே நோட்டரிக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டு நாள் வெளியூர் போய்விட்டுக் காலையில் வந்தவர், கைப்பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஆபீஸ் அறையைத் திறந்தார். திறந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பதினொரு வருஷமாக மூலையில் பழுப்பேறி நின்ற ஜெராக்ஸ் மெஷின் அங்கே இல்லை. அந்த இடத்தில் பளபளவென்று ஒரு புது மெஷின், சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றது.

மாடியிலிருந்து இறங்கி வந்த மனைவி கைதட்டினாள். "எப்படி என் சர்ப்ரைஸ்? நீங்க தொழில் ஆரம்பிச்சு இன்னியோட இருபத்தஞ்சு வருஷம்!"

"பழசு எங்கேன்னு கேட்டேன்."

"எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேன். ஓடினா சத்தம், நிறுத்தினா சத்தம். அந்த ஓட்டை டப்பாவுக்கா இப்படி அழறீங்க?"

நோட்டரி பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அது சக்கரம் வைத்த நாற்காலி. அவரையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

அந்தத் தெருவில் அவருக்கு 'இரும்புப்பெட்டி' என்று பெயர். கட்சிக்காரர் கையெழுத்துப் போடும்போது மேஜையில் ஒரு ஈ உட்கார்ந்தால்கூட, அதை விரட்டிவிட்டுத்தான் தாளைத் திருப்புவார். அடையாள அட்டை நகல்களில் நம்பரைக் கறுப்பு மையால் அடிப்பார். கிழித்த காகிதத்தை மறுபடியும் கிழிப்பார். "இன்னிக்கு யாரு வந்தாங்க?" என்று மனைவி கேட்டால், "மனுஷங்க" என்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு நாலு மாசத்துக்கு முன்னால் நோட்டரிகள் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. பெரிய ஜெராக்ஸ் மெஷின்களுக்குள் ஒரு டிஸ்க் இருக்கிறது, நகல் எடுத்த ஒவ்வொரு தாளும் அதில் படமாகத் தங்கிவிடும், மெஷினைக் கைமாற்றுமுன் அதை அழித்துவிடவும் என்றது அது. நோட்டரி இரண்டு தடவை படித்தார். சிவப்பில் கோடு போட்டார். ஓரத்தில் 'நாளைக்கு' என்று எழுதி வைத்தார். அந்த நாளை இன்றுவரை வரவில்லை.

பதினொரு வருஷத்து விவாகரத்து ஒப்பந்தம், சொத்துப் பத்திரம், கைரேகை, கையெழுத்து எல்லாம் அதற்குள் இருந்தது. எல்லாவற்றையும்விட, போன மாதம் ஒரு விதவை அம்மாள் எழுதிய உயில் இருந்தது. மூன்று மகன்களையும் விட்டுவிட்டு வீட்டைக் கடைசி மகளுக்கு எழுதியிருந்தாள். "நான் கண்ணை மூடற வரைக்கும் இது அவனுங்க காதுக்குப் போகக் கூடாது சார். தெரிஞ்சா அன்னிக்கே என்னைத் தெருவுல நிறுத்திடுவானுங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள்.

"அதுக்குள்ள அப்படி என்னதாங்க இருக்கு?" என்றாள் மனைவி.

"சொல்ல முடியாது."

"எனக்குக் கூடவா?"

"யாருக்கும்." நோட்டரி அதற்குள் போனை எடுத்துவிட்டார்.

எக்ஸ்சேஞ்ச் கடைக்காரர் நிதானமான ஆள்.

"உள்ளே என்ன சார் விட்டுட்டீங்க?"

"அது ரகசியம்."

"ஓகோ. படம் மாதிரியா?"

நோட்டரிக்குப் பொய் வராது. "படமும் இருக்கு."

"பொம்பளைங்க படமா?"

"ஆம்பளை, பொம்பளை, எல்லாரும்தான். வயசானவங்ககூட."

"இருபத்தஞ்சு வருஷமா உங்களை எவ்வளவு பெரிய மனுஷன்னு நெனச்சேன் சார்" என்று வருத்தமாகச் சொன்னார் கடைக்காரர்.

"ஐயோ, நீங்க நினைக்கிற மாதிரி இல்லைங்க! மெஷின் யாருகிட்ட இருக்கு?"

"வாங்கினவங்க விவரத்தை நாங்க வெளியில சொல்றதில்லை சார்."

வாழ்க்கையில் முதல் தடவையாக நோட்டரிக்கு அந்த வாக்கியத்தின் மேல் கோபம் வந்தது. கெஞ்சினார். கடைசியில் கடைக்காரர் இரங்கி, "ரெண்டு தெரு தள்ளி, கல்யாணத் தகவல் மையம். நேத்துதான் போச்சு" என்றார்.

ஊரில் யார் வீட்டு விஷயமும் பத்து நிமிஷத்தில் இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால், அது அந்த மையத்து அம்மாளின் வழியாகத்தான் போகும்.

செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினார்.

மையத்து அம்மாள் ஆல்பங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், ஒன்றும் தெரியாததுபோல் அந்தப் பழுப்பு மெஷின் நின்றது.

"வாங்க நோட்டரி சார்! உக்காருங்க. என்கிட்ட நீங்க எதையும் தைரியமா பேசலாம். இங்க சொல்றது வெளியில போகாது. இப்பக்கூடப் பாருங்க, அந்த பேங்க் மேனேஜர் மக மூணாவது தடவையா வேண்டாம்னு சொல்லிட்டா, நான் ஒருத்தர்கிட்ட மூச்சு விட்டிருப்பேனா?"

நோட்டரி வராத பொய்யை வரவழைத்துத் தொண்டையைச் செருமினார். "அந்த மெஷின்ல ஷாக் அடிக்கும்மா. ஆபத்து. திருப்பிக் குடுத்துடுங்க."

"அப்படியா? நல்லவேளை சொன்னீங்க. இப்பவே மெக்கானிக்கைக் கூப்பிட்டு அக்கு வேற ஆணி வேறயா கழட்டிப் பாத்துடலாம்." அவள் போனைக் கையில் எடுத்தாள்.

"வேண்டாம்!" நோட்டரி துள்ளி எழுந்தார். "அதாவது... ஷாக் அவ்வளவா அடிக்காது. எனக்கு அது மேல ஒரு பாசம். பதினொரு வருஷம் கூடவே இருந்தது."

"உங்க சம்சாரம்தானே தள்ளிவிட்டாங்களாம்?"

"ஆமா, எனக்குத் தெரியாம."

அம்மாளின் முகம் கனிந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டாள். "புரியுது சார். வீட்டுல மனசு விட்டுப் பேச ஆள் இல்லாம ஒரு மெஷின்கிட்ட போய்ப் பாசம் வைக்கிற நிலைமை. எத்தனை வருஷமா ஒத்துப் போகல?"

"எல்லாம் ஒத்துத்தான் போகுது!"

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க." அவள் அச்சடித்த பாரம் ஒன்றை எடுத்துத் தானாகவே எதையோ எழுதி, நாலாக மடித்து அவருடைய சட்டைப் பையில் செருகினாள். "அவசரம் இல்லை. சும்மா வச்சிருங்க."

பிறகு ஓர் ஆல்பத்தை விரித்து அவர் முன்னால் தள்ளினாள். "வந்ததுதான் வந்தீங்க, இந்தப் பையனைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க. சொந்த வீடுன்னு போட்டிருக்கான். அம்மாவுக்கு அப்புறம் வீடு இவனுக்குத்தானே வரும்?"

நோட்டரி பார்த்தார். விதவை அம்மாளின் மூன்றாவது மகன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

வரும் என்றால் பொய். வராது என்றால் துரோகம். தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை அந்த மாப்பிள்ளையின் மூக்கின் மேல் விழுந்தது.

"ஏன் சார் வேர்க்குது?" அம்மாளின் கண்கள் சுருங்கின. "வீட்டுல ஏதோ வில்லங்கம் இருக்கு, அப்படித்தானே?"

"எனக்கு... எனக்கு அந்த மெஷின் வேணும்!"

"எனக்கும் மெஷின் வேணுமே. இன்னிக்கு நூறு பாரம் எடுக்கணும்." சற்று யோசித்தாள். "உங்க வீட்டுக்குப் புதுசு ஒண்ணு வந்திருக்காமே? அதைக் குடுத்துட்டு இதை எடுத்துட்டுப் போங்களேன்."

நோட்டரி அவள் முடிக்குமுன் தலையாட்டிவிட்டார்.

நல்லவேளையாக மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். ஒரு சரக்கு வண்டிக்காரரைப் பிடித்து, ரிப்பனோடு புது மெஷினை ஏற்றிக்கொண்டு போய் மையத்தில் இறக்கினார். பழையதை ஏற்றிக்கொண்டு திரும்பினார். வண்டி வீட்டு வாசலில் நின்றபோது, காய்கறிப் பையோடு மனைவியும் வந்து நின்றாள்.

"என்னங்க இது? புதுசு எங்கே?"

"கல்யாணத் தகவல் மையத்துல குடுத்துட்டேன்."

"ஆசை ஆசையா வாங்கிக் குடுத்ததை, அந்தப் பொம்பளைக்கா குடுத்தீங்க? எதுக்கு?"

"சொல்ல முடியாதும்மா. தொழில் தர்மம்."

அவர் குனிந்து மெஷினை இறக்கியபோது சட்டைப் பையிலிருந்து பாரம் கீழே விழுந்தது. மனைவி எடுத்துப் பிரித்தாள். உரக்கவே படித்தாள். "மணமகன் வயது ஐம்பத்திரண்டு. தொழில் நோட்டரி. முதல் மனைவி..." காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். "முதல் மனைவி, ஒத்துவரவில்லை."

வண்டிக்காரர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது நான் எழுதலை!"

"இருபத்தஞ்சாவது வருஷத்துக்கு நீங்க குடுத்த சர்ப்ரைஸ் ரொம்ப நல்லாருக்கு" என்றாள் மனைவி. கண்ணில் நீர் முட்டியது. தடதடவென்று மாடியேறிப் போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எதிர்வீடு வரைக்கும் கேட்டது.

நோட்டரி ஒரு நிமிஷம் மாடியைப் பார்த்தார். பிறகு மெஷினைப் பார்த்தார். சமாதானம் அப்புறம், கட்சிக்காரர் முதலில் என்று தீர்மானித்து, திருப்புளியை எடுத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தார். முக்கால் மணி நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டிஸ்க் கையில் வந்தது.

படிக்கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். முதல் அடி கட்டைவிரலில் விழுந்தது. இரண்டாவது சரியாக விழுந்தது. பக்கத்துத் தையற்கடைக்காரர் கத்தரியோடு வெளியே வந்து பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. "பாவம், வீட்டுல ஏதோ தகராறாம்" என்றது ஒரு குரல். நோட்டரி எதையும் காதில் வாங்கவில்லை. விவாகரத்துக்கு ஓர் அடி, கைரேகைக்கு ஓர் அடி, உயிலுக்கு மட்டும் பத்து அடி. தகடு பொடிப்பொடியானதும் கூட்டி அள்ளி, தண்ணீர் வாளியில் போட்டுக் கலக்கினார்.

கட்டைவிரல் வீங்கியிருந்தது. மனைவி பேசவில்லை. மானம் தெரு முழுக்கப் போய்விட்டது. ஆனாலும் அந்த விதவை அம்மாளின் ரகசியம் பத்திரம். நோட்டரி அன்றைக்கு முதல் தடவையாக மூச்சை முழுசாக இழுத்து விட்டார்.

அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. எக்ஸ்சேஞ்ச் கடை மெக்கானிக் இறங்கினார். புது மெஷினை எப்படி இயக்குவது என்று சொல்லிக்கொடுக்க வந்திருந்தார். வாசலில் சிதறிக் கிடந்த திருகாணிகளையும், வாளியையும், நோட்டரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சார் உடைச்சீங்க?"

"பழைய மெஷின் டிஸ்க்கு" என்றார் நோட்டரி கம்பீரமாக. "இனிமே ஒரு பய ஒரு எழுத்துப் படிக்க முடியாது."

"அதுல என்ன சார் இருக்கு படிக்க? அதை நான் முந்தாநேத்தே சுத்தமா அழிச்சுட்டேனே." மெக்கானிக் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "புது மெஷின் எங்கே?"

"கல்யாணத் தகவல் மையத்துல."

மெக்கானிக்கின் கையிலிருந்து ஸ்கூட்டர் சாவி நழுவி விழுந்தது.

"ஐயோ சார், 'அவருக்கு ஒரு தாள் காணோம்னாலும் உயிரே போயிடும்'னு உங்க வீட்டு அம்மா சொன்னாங்கன்னு, பழசுல இருந்த பதினொரு வருஷத்துக் காகிதத்தையும் பேரைத் தட்டினா உடனே வர்ற மாதிரி அடுக்கி அந்தப் புது மெஷின்லதானே ஏத்தி வச்சிருக்கேன்!"